கணுக்கால் அடங்கல்

மூன்று மில்லிமீட்டர்.
ஒரு பச்சரிசி நீளம்கூட இல்லை.
பவுனம்மாளின் கணுக்காலுக்கு மேலே கிள்ளி எடுத்து
ஃபார்மலினில் போட்டு அனுப்பியிருக்கிறார்கள்.
சீட்டில்: வயது நாற்பத்தெட்டு, தொழில் கூலி,
ஊர் திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே,
பஸ் திரும்பும் இடத்துக்கும் அப்பால்.
உரம் ஒத்துக்கொள்ளவில்லையா, வேறெதுவுமா?
டாக்டர் கையெழுத்தில்
கேள்விக்குறி மட்டும் தெளிவாக இருந்தது.

மெழுகில் புதைத்து, சீவி, சாயம் ஏற்றி
லென்சுக்குக் கீழே வைக்கிறேன்.
முதலில் வரப்பு. பிறகு ஊதாச் சேறு.
பிறகு கூட்டம்.

இயோசினோஃபில்கள்.
இரண்டு மடல் கரு, மூக்குக்கண்ணாடி போட்டாற்போல,
உடம்பெல்லாம் சிவப்புக் குருணை.
இவ்வளவு நெரிசலை நான் பார்த்தது
நாகூர் கந்தூரியில்தான்.
அவர்கள் சூழ்ந்து முட்டும் இடத்தில் ஒரு கிழிசல்,
நிறமில்லாத ஏதோ ஒன்றின் மிச்சம்.

அது புழு. புழுவாகக்கூட இன்னும் ஆகாதது.
மேட்டூர்த் தண்ணீர் கடைமடைக்கு வந்து
நாலைந்து நாள் வெயில் குடித்து நின்றபோது
நத்தையின் உடம்பிலிருந்து நீந்தி வந்தது,
கவட்டை வாலோடு.
அதற்கு வேண்டியது ஒரு மாடு.
விடிந்தால் செத்துவிடும் என்பதால்
எதிர்ப்பட்ட முதல் காலில் ஏறியது.
வாலை வாசலில் கழற்றிப் போட்டுவிட்டு
உள்ளே போன பிறகுதான் தெரிந்திருக்கும்
வீடு மாறி வந்துவிட்டோம் என்று.
திரும்பிப் போக வால் இல்லை.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும்.
அதே சேற்றில், பவுனம்மாளுக்குக் கைதொடும் தூரத்தில்
நாற்று வைத்தவள் அவள் மருமகள் நிரோஷா.
திருப்பூரில் பனியன் தைத்தவள், இதுதான் முதல் நடவு.
அவள் காலிலும் ஏறியிருக்கும்.
தடம்கூட இல்லை.
அவள் தோல் இன்னும் அந்தப் பெயரைக் கேட்டதில்லை.
பவுனம்மாளின் தோல் முப்பத்தொரு வருஷ நடவு பார்த்தது.
மாஸ்ட் செல்கள்
கடுகு நிரப்பிய சுருக்குப்பைகள் மாதிரி காத்திருந்தன.
வால் விழுந்த சத்தத்துக்கே
முடிச்சவிழ்த்துக் கொட்டிவிட்டன.

கிராம நிர்வாக அலுவலர் எழுதும் அடங்கலில்
அந்த வயலுக்கு நேரே வேறு யாரோ பெயர்.
எந்தப் போகம், எவ்வளவு தண்ணீர்,
எத்தனை வருஷம் அதில் நின்றாள் என்பதை
யாரும் கேட்காமலே பதிந்து வைத்திருப்பவை
இவைதான்.
அழிக்கவும் தெரியாது இவற்றுக்கு.

அரிப்பைத் தினவு என்கிறோம்.
சண்டைக்குத் துடிக்கும் தோளுக்கும் அதே சொல்.
யார் வைத்தார்களோ,
மைக்ராஸ்கோப் இல்லாமலே சரியாக வைத்திருக்கிறார்கள்.

ரிப்போர்ட் வாங்க அவளே வந்தாள்.
"பூச்சி உசுரோட இருக்கா?"
இல்லைங்க. ரெண்டு நாள்லயே செத்துப்போயிடும்.
"அப்பறம் ஏன் இன்னும் அரிக்குது?"
உங்க உடம்புதான்… என்று தொடங்கி
நிறுத்திக்கொண்டேன்.
காப்பாற்ற ஓடி வந்தவர்கள் இன்னும் கலையவில்லை,
பிணத்தைச் சுற்றி நின்று அடித்துக்கொண்டிருக்கிறார்கள்,
உடைவதெல்லாம் உங்கள் பாத்திரம்.
இதை எந்த வாக்கியத்தில் சொல்வது?
அவள் மாத்திரை அட்டையைத் திருப்பிப் பார்த்தாள்.
"தூக்கம் வருமா இதுக்கு?"
வரும்.
"அப்ப ராத்திரிக்கு மட்டும்."
இடுப்பில் செருகிக்கொண்டாள்.
"நாளைக்கு இன்னும் ஒன்றரை மா பாக்கி கெடக்கு."

பஸ்ஸில் இலவசச் சீட்டைக் கிழித்துத் தந்த கண்டக்டர்
என் விரல் நுனியைப் பார்த்து
"மருதாணியாம்மா?" என்றார்.
இயோசின் சாயம். சோப்புக்குப் போகாது.
ஆமாம் என்றேன்.
ஜன்னலுக்கு வெளியே, தண்ணீர் கட்டிய வயலில்
மாடு ஒன்று
முழங்கால்வரை இறங்கி நின்றுகொண்டிருந்தது,
எங்கேயும் சொறிந்துகொள்ளாமல்.